கைக்கும் கண்ணுக்கும் நடுவே

தமிழ் இலக்கண நூலோர் ஒலியின் கால அளவை மாத்திரை என்றனர். கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் அதற்கு அளவுகோல்களாயின. கருவி ஏதும் இல்லாத காலத்தில் உடம்பே கடிகாரமாக இருந்திருக்கிறது. இன்று கணினி விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் இளைஞர்கள் இமைப்பொழுதைப் பெரிய அளவாகவே கருதுவார்கள். அவர்களது கணக்கு மில்லிவிநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடக்கிறது. விரல் மௌஸை அழுத்திய கணத்துக்கும் அதன் விளைவு திரையில் தெரியும் கணத்துக்கும் இடையே கழியும் பொழுதை 'இன்புட் லேக்' என்கிறார்கள். உள்ளீட்டுத் தாமதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தாமதத்தின் வரலாறு கணினியைவிட மூத்தது. அதன் முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் புதுக்கோட்டையின் பெயரும் உண்டு.

1750-களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிக்காக நடந்த போர்களில் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். கோட்டைக்குள் இருந்த படைக்கு உணவுப் பொருள்கள் அவரது நாட்டிலிருந்து சென்றன. அப்போரில் பெயர்பெற்ற ராபர்ட் கிளைவ், 1753 பிப்ரவரியில் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலைனை மணந்தார். அவளுடைய சகோதரர் நெவில் மாஸ்கலைன், 1765-இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனார்.

கிரீனிச்சில் அவரிடம் டேவிட் கின்னிபுரூக் என்ற உதவியாளர் வேலை செய்தார். தொலைநோக்கியில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியை விண்மீன் கடக்கும் கணத்தைக் குறிப்பது அவரது பணி. கடிகாரத்தின் ஓசையைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் விண்மீனைத் தொடர்ந்து, விநாடியைப் பத்தாகப் பகுத்துச் சொல்ல வேண்டும். 1795-இல் அவரது குறிப்புகள் மாஸ்கலைனுடையவற்றைவிட அரை விநாடி பிந்தின. எச்சரித்தும் பயனில்லை, 1796 தொடக்கத்தில் பிந்தல் 0.8 விநாடி ஆயிற்று. கின்னிபுரூக் வேலையை இழந்தார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து இச்செய்தி ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸலின் கண்ணில் பட்டது. குற்றம் கின்னிபுரூக்கின் கவனக்குறைவுதானா என்று அவர் ஐயுற்றார். 1820-இல் தம்மையும் இன்னொரு தேர்ந்த வானியலாளரையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது, இருவருக்கும் இடையே ஒரு விநாடிக்கு மேல் வேறுபாடு இருந்தது. காண்பதற்கும் கேட்பதற்கும் முடிவுசெய்வதற்கும் ஒவ்வொரு மனிதரும் தமக்கென்று ஒரு காலம் எடுத்துக்கொள்கிறார் என்பது அப்போதுதான் துலங்கிற்று. கின்னிபுரூக் 1802-இலேயே இறந்துவிட்டிருந்தார்.

அதே 1820-களில் சென்னையில் இன்னொரு சோதனை நடந்தது. சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளியைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஓசை வந்து சேரும்வரை கழிந்த பொழுதை அளந்தார். காற்றும் வெப்பமும் ஈரமும் அந்த இடைவெளியை மாற்றுவதைப் பட்டியலிட்டு 1823-இல் வெளியிட்டார். தாமதத்தை ஒரே குற்றமாகப் பார்க்காமல் அதன் காரணங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை இது. இன்றைய பொறியாளர்கள் கணினியில் செய்வதும் இதுவே.

டக்ளஸ் எங்கல்பார்ட் மௌஸை உலகுக்குக் காட்டியது 1968 டிசம்பர் 9-ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோவில். அதே ஆண்டில் ராபர்ட் மில்லர் என்பவர், கணினியின் மறுமொழி பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் வந்தால் மனிதருக்கு அது உடனடியாகத் தோன்றும் என்று எழுதினார். பல ஆண்டுகள் அதுவே விதியாக இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்துவது வேறு, ஒரு பொருளைப் பிடித்து இழுப்பது வேறு. இழுக்கும்போது பொருள் விரலுக்குப் பின்னால் ஓடுவதைக் கண் எளிதில் கண்டுவிடும். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் ஒரே மில்லிவிநாடித் தாமதமுள்ள தொடுதிரையைச் செய்து காட்டியபோது, நாம் எவ்வளவு பிந்தலைச் சகித்துப் பழகியிருக்கிறோம் என்பது தெரிந்தது.

அழுத்தத்திலிருந்து காட்சிவரை செய்தி கடக்கும் படிகளைப் பார்ப்போம். மௌஸின் பொத்தானுக்குள் இரு உலோகத் தகடுகள் மோதும்போது சில முறை துள்ளும். துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து ஒரே அழுத்தமாக எண்ணுவதில் சில மில்லிவிநாடிகள் போகும். ஒளிக்கற்றையால் இயங்கும் பொத்தான்கள் இக்காத்திருப்பைத் தவிர்க்கின்றன. அடுத்து, சாதாரண யுஎஸ்பி மௌஸைக் கணினி விநாடிக்கு 125 முறைதான் நலம் விசாரிக்கிறது. இரு விசாரிப்புகளுக்கு இடையே 8 மில்லிவிநாடி. விளையாட்டு மௌஸ்கள் இதை 1,000 முறையாக்கி 1 மில்லிவிநாடிக்குக் குறைத்தன. 2021 முதல் 8,000 முறை செய்பவையும் கடைக்கு வந்துள்ளன. ஆயினும் எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதில் கிடைத்த ஏழு மில்லிவிநாடி பெரிது. அதற்கப்பால் கிடைப்பது ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு.

பெருந்தாமதம் திரையில் இருக்கிறது. பழைய படக்குழாய்த் திரை, வந்த சமிக்ஞையை வந்தவாறே வரி வரியாக வரைந்தது. பின்வந்த தட்டைத் திரைகள் பல, படத்தைச் சேமித்து, அளவு மாற்றி, மெருகேற்றிய பின்னரே காட்டின. எடை குறைந்தது, தாமதம் கூடியது; அதனால் கனத்த பழைய திரைகளை விடமறுத்த ஆட்டக்காரர்கள் இருந்தனர். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி, 144 முறையில் 6.9, 240 முறையில் 4.2. வரைபடச் சில்லு வரைந்து முடிக்கும்வரை திரையையே காக்க வைக்கும் உத்தி 2013-இல் ஜி-சின்க் என்ற பெயரில் வந்தது. சில்லின் வாசலில் வேலைகள் வரிசைகட்டி நிற்பதைக் குறைக்கும் ரிஃப்ளெக்ஸ் 2020-இல் வந்தது. தொலைக்காட்சியில் விளையாடுவோருக்குச் செலவில்லாத வழியும் ஒன்றுண்டு: 'கேம் மோட்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் மெருகேற்றும் வேலைகள் நின்று, பல மில்லிவிநாடிகள் மிச்சமாகும்.

இனிப் புதுக்கோட்டைக்குத் திரும்பலாம். உடும்புத் தோல் போர்த்த சிறு கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் இது. கஞ்சிராவில் விரல் பட்டதும் ஒலி பிறக்கும். காலப்பிரமாணம் தவறினால் பிழை வாசிப்பவருடையதே, இடையில் பழிசுமக்க வேறெவரும் இல்லை. இன்று அதே ஊரில் 60 முறைத் திரையும் 125 முறை மௌஸும் வைத்து இணையத்தில் ஆடும் பையனின் நிலை அப்படியன்று. மும்பையிலுள்ள ஒரு வழங்கிக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லிவிநாடிக்கு 200 கிலோமீட்டர் செல்வதால், போய்வரவே பதினொன்றுக்கு மேல் ஆகும். கேபிள்கள் நேர்க்கோட்டில் செல்லாததால் உண்மையில் இன்னும் கூடும்.

மனிதக் கண் ஒளியைக் கண்டு கை அசைய ஏறக்குறைய 200 மில்லிவிநாடி எடுக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் கருவிகளின் தாமதம் சிறிது என்பார் உண்டு. ஆனால் சமதிறமையுள்ள இருவர் மோதும்போது அவர்களுடைய உடம்பின் தாமதம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிஞ்சி நின்று வெற்றியைத் தீர்மானிப்பது கருவியின் வேறுபாடுதான். தோற்ற பையனைக் கூட்டாளிகள் 'மந்தம்' என்று கேலி செய்வார்கள். அவனது பிந்தலில் எவ்வளவு விரலுடையது, எவ்வளவு திரையுடையது, எவ்வளவு கேபிளுடையது என்று அங்கே பிரித்து அளப்பவர் யாருமில்லை. அளக்கும் அறிவு நம்மிடம் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது. பெஸ்ஸலின் ஐயம் கிரீனிச்சில் 1796-லேயே எழுந்திருந்தால் கின்னிபுரூக்குக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும்.