கொம்புத் தூண்கள்

ஆக்ராவிலிருந்து அஜ்மீருக்கு, காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை நாடிப் பேரரசர் அக்பர் பல ஆண்டுகள் பயணம் செய்துவந்தார். மகன் சலீம் பிறந்த நன்றிக்காக 1570-இல் நடந்தே சென்றார். அவ்வழியில், ஏறத்தாழ இரண்டு மைலான ஒவ்வொரு கோஸ் தொலைவிலும் ஒரு கிணறும் ஒரு தூணும் அமைக்க ஆணையிட்டார். அத்தூண்களில், அவர் வேட்டையாடிய மான்களின் கொம்புகள் நூறாயிரக்கணக்கில் பதிக்கப்பட்டன என எழுதுகிறார் அவரது அவையிலிருந்த அப்துல் காதிர் பதாயூனி.

இதற்கு ஆண்டு குறிக்கும் சொற்றொடராக 'மீல் ஷாக்', அதாவது கொம்புத் தூண், என்பதை அவர் தருகிறார். அப்ஜத் முறையில் கூட்டிப் பார்ப்போம். மீம் 40, யே 10, லாம் 30. ஷீன் 300, அலிஃப் 1, கே 600. ஆக ஹிஜ்ரி 981, கி.பி. 1573-74. பாரசீகத்தில் ஷாக் என்றால் கிளை. கொம்புக்கும் அதுவே பெயர். மரக்கிளையையும் கொம்பென்னும் நம் தமிழுக்கு இது புதிதன்று.

தூணில் ஏற்றுமுன் கொம்பைப் பக்குவப்படுத்த வேண்டும். அக்பர் சிவிங்கிப்புலிகளை ஏவிப் பிடித்தவை பெரும்பாலும் கலைமான்கள். கலைமானின் கொம்பு உதிராதது; உள்ளே எலும்புத் தண்டு, மேலே நகத்தை ஒத்த உறை. தலையோட்டுடன் வெட்டியெடுத்துச் சில நாள் நீரில் ஊறவைத்தால் இடையிலுள்ள சவ்வு அழுகி உறை கழன்றுவரும். எலும்பைச் சுரண்டிக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே உறையை மீண்டும் பொருத்தலாம். ஈரம் தங்கினால் நாற்றம் நீங்காது, புழு வைக்கும். புள்ளிமான், கடமான் கொம்புகளோ முழுவதும் எலும்பு. உதிர்ந்து மீண்டும் முளைப்பவை. அவற்றில் தசை ஒட்டிய தலையோட்டை மட்டும் வேகவைப்பர். கொம்பு கொதிநீரில் முழுகினால் நிறம் வெளுத்துவிடும். ஒரு கொம்புக்கே இத்தனை பாடு என்றால், தூண் தூணாய்ப் பதிப்பதற்கு எத்தனை கைகள் உழைத்திருக்கும்!

இவற்றுக்குப் பதிலாகத் தோட்டமோ சத்திரமோ அமைக்கக் கூடாதா என்று பதாயூனி ஏங்குகிறார். அவர் அக்பர்மீது கசப்புக் கொண்டவர். அவரது நூலும் அக்பர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. கிணறு வெட்டியதை அவரே குறிப்பிடுகையில் குறை முழுவதும் நியாயமன்று என்போம். ஆயினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. வேட்டை ஆகுமானதே, ஆனால் இஹ்ராம் கட்டியவர் தரைப்பிராணியை வேட்டையாடத் திருக்குர்ஆன் தடை விதிக்கிறது. அஜ்மீர்ப் பயணம் ஹஜ் அன்று, உண்மைதான். எனினும் இறைநேசரை நாடிச் செல்லும் வழியில் கொன்ற விலங்குகளின் கொம்பையா நாட்டுவது?

அக்பருக்கே பின்னர் மனம் மாறியது. 1578-இல் பேரா அருகே பெரும் வளைப்பு வேட்டைக்கு விலங்குகளைத் திரட்டிய நிலையில், திடீரென நிறுத்தி எல்லாவற்றையும் விட்டுவிடப் பணித்தார்.

சலீம் ஜஹாங்கீராக அரியணை ஏறிய பின், பன்னிரண்டாம் வயது முதல் தாம் கண்ட வேட்டையைக் கணக்கெடுக்கச் செய்தார். 28,532 உயிர்கள், அவற்றில் 17,167 அவர் கையால் வீழ்ந்தவை. அதே ஜஹாங்கீர்தான், மன்ஸ்ராஜ் எனப் பெயரிட்டு வளர்த்த மான் இறந்ததும், லாகூருக்கு அப்பால் இன்று ஷேக்குபுரா எனப்படும் இடத்தில் அதற்குக் கல்லறை எழுப்பி, அந்த வெளியில் எவரும் மான் வேட்டையாடலாகாது என விலக்கியவர். அங்குள்ள ஹிரன் மினார் இன்றும் நிற்கிறது. அஜ்மீர்ச் சாலையில் எஞ்சிய கோஸ் தூண்களில் ஒரு கொம்பும் இல்லை.