ஐந்து கோடி பவுண்டு பிறந்த கதை

2017 நவம்பர் 18. எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானம். ஸ்காட்லாந்து–நியூசிலாந்து ரக்பி ஆட்டம் தொடங்கும் முன், ஆறரை அடி உயர மனிதர் ஒருவர் ஆட்டப் பந்தோடு தன் மூன்று மகன்கள் சூழ நடந்து வந்தார். ஸ்காட்லாந்துக்காக 61 முறை களமிறங்கிய டோடி வியர். தனக்கு மோட்டார் நியூரான் நோய் என்று ஐந்து மாதங்களுக்கு முன்புதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். அரங்கம் எழுந்து நின்றது.

மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்பணுக்கள் அழிந்துபோவதுதான் இந்த நோய். நடை போகும், பேச்சு போகும், விழுங்க முடியாது. கடைசியில் மூச்சும் நிற்கும். நோய் உறுதியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஈராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் ஒரு நேரத்தில் சுமார் 5,000 பேர்தான் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அதனால் ‘அரிய நோய்’ என்ற பெயர். உண்மையில் 300 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வரக்கூடும். நோயாளிகள் குறைவாகத் தெரிவது, வந்தவர்கள் நெடுநாள் இருப்பதில்லை என்பதால்தான். 1990களின் நடுவில் வந்த ரிலுசோல் மாத்திரையும் ஆயுளைச் சில மாதங்களே நீட்டித்தது.

அரசு கைகொடுக்கும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. டோடி தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். 2019 டிசம்பரில் லீட்ஸ் ரக்பி வீரர் ராப் பர்ரோவுக்கும் இதே நோய் என்று தெரிந்தது. அவருடைய சட்டை எண் 7. மறு ஆண்டு டிசம்பரில் நண்பர் கெவின் சின்ஃபீல்டு ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். 77,777 பவுண்டு திரட்ட நினைத்தார். சேர்ந்தது 20 லட்சத்துக்கும் மேல்.

ஆனால் ஓடிச் சேர்க்கும் காசில் ஓர் ஆய்வுத் துறையை ஆண்டுக்கணக்கில் நடத்த முடியாது. விஞ்ஞானிகளும் தொண்டு அமைப்புகளும் நோயாளிகளும் ஒரே கோரிக்கையோடு திரண்டார்கள்: ஐந்தாண்டில் 5 கோடி பவுண்டு, பல ஊர் ஆய்வகங்களை ஒன்றாய் இயங்கவைக்கும் ஓர் ஆய்வு நிறுவனம். மனுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. 2021 ஜூலை 12 அன்று நாடாளுமன்றம் அதை விவாதித்தது. நவம்பரில் அரசு 5 கோடி தருவதாக அறிவித்தது.

அறிவிப்பு வந்தது, பணம் வரவில்லை. எந்தத் துறை வழியாக, எந்த விண்ணப்பத்துக்கு, எந்த விதிப்படி என்று கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. ஓராண்டு போயிற்று. பாதிப் பேரை இரண்டே ஆண்டில் கொண்டுபோகும் நோய்க்கு ஓராண்டு என்பது சின்னக் காலம் அல்ல. 2022 நவம்பர் 26 அன்று டோடி இறந்தார்.

அடுத்த மாதமே அரசு இறங்கி வந்தது. நடைமுறைகளைச் சுருக்குவதாகவும், 2.95 கோடி பவுண்டை உடனே ஆய்வு மையங்களுக்குத் தருவதாகவும் அறிவித்தது. கேட்ட ஆய்வு நிறுவனமும் உருவானது.

இந்தப் பணத்தால் நாளையே நோய் தீரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வழி அடைபட்டும் இல்லை. சாட்-1 மரபணுவில் பிழை உள்ள சுமார் 2 சதவீதம் பேருக்கான டோஃபெர்சன் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி தந்தது. அந்த மரபணுவின் பங்கு தெரியவந்தது 1993-இல். ஒரு மரபணுவிலிருந்து ஒரு மருந்துக்கு 30 ஆண்டு.

2023 மே மாதம், லீட்ஸ் மாரத்தான். பர்ரோவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபடியே ஓடிவந்த சின்ஃபீல்டு, எல்லைக்கோட்டுக்கு அருகில் நின்றார். நண்பரை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 2 அன்று பர்ரோவும் போய்விட்டார். இன்று நோய் உறுதியாகும் ஒருவருக்கு அந்த முப்பது ஆண்டு கிடையாது. அரசுப் பணம் கணக்கில் கொள்ள வேண்டியது அவருடைய காலத்தைத்தான்.