மருந்தும் துணையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றின் இன்றியமையாமையை யாவரும் ஒப்புவர். நான்காமவன் யார், அவன் ஆற்ற வேண்டிய பணி யாது என்னும் வினாவுக்கோ, மலாயாத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் வரலாறும் சென்னை நகரின் மருத்துவ வரலாறும் விடை பகர்கின்றன. நாள் தவறாது மருந்துண்ண வேண்டிய எச்.ஐ.வி. நோயாளரைப் பேணும் இன்றைய மருத்துவர்க்கு அவ்விடை பெரிதும் பயன்படும்.

பெரட்டுக் களத்தில் கொய்னா

மலாயாவில் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிடும் முயற்சி மலாக்காவில்தான் தொடங்கியது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. காடு அழிந்தபோது குன்றுகளுக்கிடையே ஓடிய தெளிந்த ஓடைகளின்மீது வெயில் விழுந்தது. வெயில்படும் தெளிநீரில் பல்கும் ஒருவகை அனாபிலிஸ் கொசு, மலாயாத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பிற்று. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மால்கம் வாட்சன் வடிகால் அமைத்துக் கொசுவை ஒடுக்கும் வழியைக் காட்டினார். ஆயினும், லயங்களில் காய்ச்சலால் நடுங்கிக் கிடந்தோர்க்கு உடனடியாகக் கிட்டிய மருந்து கொய்னா ஒன்றே.

காலைப் பெரட்டில் பெயர் அழைக்கும் வேளையிலேயே வரிசையில் நிறுத்திக் கொய்னாக் கரைசலைக் குடிக்கச் செய்வது தோட்டங்கள் பலவற்றில் வழக்கமாயிற்று. மருந்தோ கடுங்கசப்பு, காதில் இரைச்சலையும் வயிற்றில் குமட்டலையும் உண்டாக்குவது. வாயில் அடக்கிக்கொண்டு அப்பால் சென்று உமிழ்ந்தோரும் உண்டு. அதனை அறியாமை என்று பழித்தல் எளிது. ஆனால் அம்மருந்தைத் தந்தது எந்த இடம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் பதியாதவர்க்கு அன்றைய கூலி இல்லை என்று விதித்த அதே களத்தில்தான் கொய்னாவும் வந்தது. ஆணையாக வந்த மருந்தின்மீது அன்பும் நம்பிக்கையும் எங்ஙனம் பிறக்கும்? ஆங்கே நான்காம் இடத்தில் நின்றவன் துணைவன் அல்லன், காவலன்.

சென்னை காட்டிய வழி

அரை நூற்றாண்டுக்குப் பின் இதே சிக்கலைச் சென்னை நகரம் வேறு வகையில் எதிர்கொண்டது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் அதன் ஆய்வுகளை வழிநடத்தினார். 193 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நல்லுணவும் ஓய்வும் கிட்டும் மருத்துவமனையில் தங்கினர். மற்றவர் நெருக்கடி மிகுந்த தத்தம் ஏழை வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இருசாரார்க்கும் ஒன்றே. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு நலம் பெற்றனர் என்பதை 1959இல் வெளிவந்த முடிவு உலகுக்கு அறிவித்தது.

இவ்வெற்றியின் மறுபுறத்தையும் அந்நிலையத்தார் மறைக்கவில்லை. ஓராண்டு உண்ண வேண்டிய மருந்தைச் சில கிழமைகளில் இருமல் தணிந்தவுடன் நிறுத்திவிடும் இயல்பு மக்களிடம் இருந்தது. ஆகவே அறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். மருந்து தரப்பட்டது என்பதும் மருந்து உட்கொள்ளப்பட்டது என்பதும் வெவ்வேறு செய்திகள் என்னும் உண்மை மருத்துவ உலகில் வேரூன்ற இவ்வாய்வுகள் துணைநின்றன. பிறர் முன்னிலையில் மருந்துண்ணும் முறையும் அங்கே ஆராயப்பட்டு, 1990களில் உலக நல நிறுவனத்தின் காசநோய்த் திட்டத்தில் இடம்பெற்றது.

வாழ்நாள் மருந்து

காசநோய்க்கு முடிவு நாள் உண்டு, எச்.ஐ.வி. மருந்துக்கு அது இல்லை. 1986இல் மலேசியாவிலும் சென்னையிலும் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1996 அளவில் கூட்டு மருந்து முறை உயிர்காக்கத் தொடங்கியது. 2003இல் மலேசிய அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி, இந்தியாவிலிருந்து மலிவான மருந்தை இறக்குமதி செய்ய ஆணையிட்டது. 2006 முதல் அரசு மருத்துவமனைகளில் முதல்நிலைக் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. விலை என்னும் தடை நீங்கியது. நாள்தோறும் உண்பது என்னும் கடமை நோயாளியின் தோளில் நின்றது. விட்டுவிட்டு உண்டால் கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும். தவறாது உண்டு கிருமி இரத்தத்தில் காணமுடியாத அளவுக்கு ஒடுங்கி நின்றாலோ, உடலுறவின் வழி அது துணைவர்க்குத் தொற்றுவதில்லை.

தோட்டங்களை விட்டு மலாக்கா நகரின் அடுக்குமாடிகளுக்கும், பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கும் நம் மக்கள் பலர் பெயர்ந்துள்ளனர். சுழல் வேலைநேரமும் உற்றார் நிறைந்த சிறு வீடும் கொண்ட ஒருவர் மருந்துப் புட்டியை எங்கே வைப்பார்? ஊரார் அறிந்தால் என்னாகுமோ என்னும் அச்சம் கொய்னாவின் கசப்பினும் கொடிது. நெடுங்காலம் வழங்கிவந்த எஃபாவிரென்ஸ் என்னும் மருந்து தலைச்சுற்றலையும் கலக்கக் கனவுகளையும் தரவல்லது. இரவு வேலை செய்வோர்க்கு அஃது எத்துணை இடர்!

எனவே மருத்துவர் கடிந்து வினவினால், 'எல்லாம் உண்டேன்' என்னும் பொய்யே விடையாகக் கிடைக்கும். 'மறப்பது யார்க்கும் இயல்பு. சென்ற வாரம் எத்தனை நாள் தவறியது?' என்று நோயாளியின் மொழியிலேயே கேட்பின் உண்மை வெளிப்படும். பக்க விளைவை முன்கூட்டியே சொல்லுதல், அன்றாடப் பழக்கம் ஒன்றோடு மருந்தை இணைத்தல், நோயாளியே நம்பித் தேர்ந்தெடுக்கும் ஒருவரை அவர் இசைவோடு துணையாக்குதல் ஆகியவை பயன்தரும் வழிகள். 1986இல் சென்னையில் கிருமியைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சுனிதி சாலமன், 1993இல் தாம் தொடங்கிய நிறுவனத்தில் மருந்துக்கு நிகராக ஆற்றுப்படுத்தலுக்கும் இடமளித்தார்.

உறவினரிடமும் நோயைச் சொல்ல இயலாதவர்க்கு அருகிருந்து பேணுவோர் எவரும் இலர். அவர்பொருட்டு மருத்துவரே நான்காம் இடத்தையும் ஏற்றல் வேண்டும். பெரட்டுக் களத்தில் நின்ற காவலனாக அல்லாமல், வழித்துணையாக அவர் நிற்பாராயின், நல்ல மருந்து நாள்தோறும் உரிய உடலைச் சென்றடையும்.