பழைய ரிவால்வருக்குப் புது மெருகு

பழைய ரிவால்வரின் மங்கிய மேற்பரப்பை பாலிஷ் போட்டுப் புதிதாகக் கருநீலமோ நிக்கலோ ஏற்றுவதா, இருந்தபடியே விட்டுத் துருவை மட்டும் தடுப்பதா என்ற கேள்வி, ஆயுதம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பொதுவானது. இந்தியாவில் இது பெரும்பாலும் பரம்பரையாக வந்த ஆயுதத்தோடுதான் எழுகிறது. தாத்தாவின் உரிமத்தில் இருந்த, பிரிட்டிஷ் நிறுவனமான வெப்ளியின் .32 ரிவால்வர், அவர் காலமான பிறகு பேரன் பெயருக்கு மாறுகிறது. பெட்டியைத் திறந்தால் குழல் பழுப்பேறியிருக்கிறது, கைப்பிடி ஓரத்தில் துரு பொரிந்திருக்கிறது. பளபளப்பாக்கிப் பூஜையறை அலமாரியில் பத்திரமாக வைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த வேலையை அறிந்தவர்கள் பெரும்பாலும் தரும் பதில் வேறு: துருவை நிறுத்துங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் சாலையில் இருக்கும் பொம்மசந்திராவில் இந்தக் கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இந்தத் தொழிற்பேட்டையிலும் பக்கத்து ஜிகணியிலும் இயந்திர உதிரிபாகங்களைக் கடைந்து, அரைத்து, மெருகேற்றும் பட்டறைகள் நிறைய. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வரும் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே ஏராளம். கியருக்கும் ஷாஃப்டுக்கும் தினமும் நடக்கும் பஃபிங், பிளாக்கனிங், நிக்கல் பிளேட்டிங், ஹார்டு குரோம் எல்லாம் ஒரு ரிவால்வருக்கும் தொழில்நுட்ப அளவில் பொருந்தும். ஆள் தெரியும், எந்திரம் இருக்கிறது, அரைநாள் வேலை. தவறான முடிவு எடுக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

மேற்பரப்பில் எழுதப்பட்டிருப்பது

ரிவால்வரின் வரலாறு அதன் வெளித்தோலில்தான் இருக்கிறது. உற்பத்தியாளர் பெயர், வரிசை எண், சோதனை முத்திரை, படைத்துறை அம்புக்குறி, விற்ற கடையின் பெயர் எல்லாம் எஃகில் மில்லிமீட்டரின் சிறு பங்கு ஆழத்துக்கே குத்தப்பட்டவை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813-இல் நிறுவப்பட்ட சோதனைக் கூடம், தான் சோதித்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் முத்திரையிட்டது. 1904-க்குப் பின் வந்தவற்றில் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகளைக் காணலாம். ரிவால்வரில் இவை குழலில் மட்டுமல்ல, சுழல் உருளையின் ஒவ்வோர் அறைக்கு வெளியிலும் இருக்கும்.

வெப்ளி மார்க் 4 நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கை பெரிது, மெருகேற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. கடைசல் கோடுகள் தெரிய, கரடுமுரடாகவே துப்பாக்கிகள் வெளியேறின. நல்ல வேலைக்குப் பெயர்போன நிறுவனம் அதைக் கண்டு கூசியிருக்கவேண்டும். "போர்க்கால மெருகு" என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் துப்பாக்கியின் சட்டகத்திலேயே குத்தி அனுப்பியது. அந்தத் துப்பாக்கியைக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்தால், அந்த இரண்டு சொற்களும் பொய்யாகிவிடும். அதில் குறையாகத் தெரியும் கோடுகள்தான் அது எந்த ஆண்டுகளில், எந்த நெருக்கடியில் பிறந்தது என்பதற்குச் சாட்சி.

வரிசை எண்ணின் மதிப்பை இந்திய வரலாறே காட்டியிருக்கிறது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா என்ற ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் வங்கப் புரட்சியாளர்களின் கைக்குப் போயின. ஒவ்வொன்றின் எண்ணும் நிறுவனத்தின் ஏட்டில் இருந்தது. பின்னாளில் அவற்றில் ஒன்று பிடிபட்டால், அது அந்தச் சரக்கைச் சேர்ந்ததா என்பதை அந்த எண்ணே சொன்னது. காலனிய அரசுக்கு அது வழக்குச் சாட்சி. இன்று அருங்காட்சியகத்தில் நிற்பவருக்கு, அந்த இரும்பு ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் கையில் இருந்தது என்பதற்கான ஆதாரம். எண் தேய்ந்துபோனால் அது ஏதோ ஒரு பழைய மௌசர், அவ்வளவுதான்.

பஃபிங் சக்கரம் செய்வது

பலர் கறுப்பு நிறம் ஏற்றுவதைத்தான் வேலை என்று நினைக்கிறார்கள். கருமைப் படலத்தின் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான். அது எதையும் மறைக்காது. அடியிலிருக்கும் ஒவ்வொரு கீறலையும் துருக்குழியையும் அப்படியே காட்டும். அதனால் நிறம் ஏற்றுவதற்கு முன் குழிகளின் அடிமட்டம் வரை உலோகத்தைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். இழப்பு முழுவதும் அந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது.

துணிச் சக்கரம் மென்மையானது. அதனாலேயே அது ஆபத்தானது. தட்டையான பரப்பில் ஒழுங்காக ஓடும் சக்கரம், விளிம்பு வந்ததும் அதன் மேல் மடிந்து இறங்கும். கூரான விளிம்புகள் வழவழப்பாகும், திருகுத் துளைகளின் வாய் பள்ளமாகும், எழுத்துகளின் ஒரு பக்கம் மட்டும் கரைந்து மறுபக்கம் நிற்கும். புதுப்பிக்கப்பட்ட துப்பாக்கியைக் கண்டுபிடிக்கும் வழியும் இதுதான். டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்தால், ஒளிக்கோடு திருகுத் துளைக்கு அருகே நெளிவது தெரியும். வெட்டுவாய்போல் இருக்கவேண்டிய விளிம்பு, பல கைகள் தடவிய சோப்புபோல் இருக்கும். கறுப்புக்கு அடியில் துருக்குழிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இன்னும் நிச்சயம்: துரு முதலில் வந்தது, நிறம் பிறகு வந்தது.

வெப்ளியில் இன்னொரு சிக்கல். அது நடுவில் முறிந்து திறக்கும் வகை. கீலும், மேலே குழலைச் சட்டகத்தோடு பூட்டும் வளையக் கொக்கியும் துல்லியமாக ஒட்டி நிற்பதால்தான் அது பத்திரமாகச் சுடுகிறது. அழகுக்காக அந்த இணைப்பு முகங்களைத் தேய்த்தால் பூட்டு தளரும். உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரைதான். அங்கே கை வைக்க எந்தப் பட்டறைக்காரருக்கும் நியாயமில்லை.

நிறம் ஏற்றும் முறைகள்

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பலவற்றில் காணப்படுவது மெதுவான துருமுறை. அமிலக் கரைசலைத் தடவி, ஈரக்காற்றில் வைத்து, மெல்லிய செந்துரு படியவிடுவார்கள். பிறகு கொதிநீரில் முக்கினால் செந்துரு கருந்துருவாக மாறும். தளர்ந்த தூளை மென்கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி தடவவேண்டும். பல நாட்கள் இதே சுற்று. கிடைக்கும் நிறம் சற்று சாம்பல் கலந்து அடக்கமாக இருக்கும். வெள்ளீயத்தால் பற்றவைத்த பகுதி இருந்தாலும் தாங்கும்.

தொழிற்பேட்டைகளில் நடப்பது சுடுகுளியல். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டியை 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கவைத்து, பாகத்தை முக்கி எடுத்தால் அரைமணிக்குள் கறுத்துவிடும். மலிவு, வேகம், ஒரே சீர். பழைய துப்பாக்கிக்கு இது பொருந்துவது அரிது. வெள்ளீயப் பற்று இருந்தால் கரையும், அலுமினியம் இருந்தால் தின்றுவிடும். மறைவிடங்களில் தங்கும் உப்பு மாதங்கள் கழித்து வெள்ளையாகக் கசியும். நிறமும் அடர் கறுப்பாக, அந்தக் காலத்து வேலையோடு ஒட்டாமல் நிற்கும். 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வந்த 'நிர்பீக்' போன்ற டைட்டானியக் கலவை ரிவால்வருக்கு, எஃகுக்கான இந்தக் குளியலே பொருந்தாது.

நிக்கல் பூசினால் அளவு மாறும் என்பதை மறக்கக்கூடாது. கருமை உலோகத்தின் மேற்பரப்பையே மாற்றுவது, நிக்கலோ அதன் மேல் ஏறி உட்காருவது. அறைக்குள் ஏறினால் தோட்டா இறுகும். வில்களையும் கடினப்படுத்திய சிறு பாகங்களையும் அமிலத்தில் கழுவிப் பூசினால் ஹைட்ரஜன் உட்புகுந்து அவை நொறுங்கும் தன்மை பெறும். பூசிய கையோடு சூளையில் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்றவேண்டும். இவற்றையெல்லாம்விட மோசமானது கேஸ் டார்ச்சால் சூடாக்கி நீலநிறம் வரவழைப்பது. உருளையின் கடினத்தன்மையே போய்விடலாம். தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த உருளைதான். அப்படிச் செய்த ஆயுதத்தைச் சுடவே கூடாது.

சட்டம்

பொம்மசந்திராவில் இருக்கும் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு விடை எளிது: கூடாது. ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தயாரிப்பதையும் விற்பதையும் மட்டுமல்ல, பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை மீறுவதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. உரிமதாரரின் எழுத்து அனுமதியோடு மற்றொருவர் பழுதுபார்க்க எடுத்துச் செல்ல 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் போய்ச் சேரும் இடம் ஆயுத வேலைக்கு உரிமம் பெற்றதாக இருக்கவேண்டும். 'இது வெறும் பாலிஷ்தானே' என்று வாங்கிவைக்கும் பட்டறை முதலாளியும் அங்கே வேலை செய்யும் பையனும் சிக்கலில் மாட்டுவார்கள். நட்புக்காகக்கூட அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றக்கூடாது.

அதைவிடக் கவனிக்கவேண்டியது 8-ஆம் பிரிவு. துப்பாக்கியில் குத்திய பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை அவரே அழித்ததாகச் சட்டம் அனுமானிக்கும். எண்ணம் நல்லதாக இருந்தாலும் பஃபிங் சக்கரம் இரண்டு இலக்கங்களைத் தேய்த்துவிட்டால், உரிமப் புத்தகத்தில் எழுதிய எண்ணும் கையிலிருக்கும் ஆயுதமும் ஒத்துப்போகாது. சேகரிப்பாளர் வரலாற்றுக்காகச் சொல்வதும் சட்டம் ஒழுங்குக்காகச் சொல்வதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

பழமையானது என்பதால் உரிமம் தேவையில்லை என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 45-ஆம் பிரிவின் விலக்கு, பழைய மாதிரியாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் சுடமுடியாத ஆயுதத்துக்கே. எண்ணெய் போட்டால் சுடக்கூடிய வெப்ளி அதில் அடங்காது. உரிமதாரர் இறந்ததும் வாரிசு அதைத் தாமதமின்றிக் காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து, தன் பெயரில் உரிமம் கிடைத்த பிறகே திரும்பப் பெறவேண்டும். மெருகு பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

எப்போது புதுப்பிக்கலாம்

எல்லாத் துப்பாக்கியும் தொடக்கூடாத பொருள் அல்ல. முன்பே யாரோ மோசமாகத் தேய்த்துப் பூசிய நிக்கல் உரிந்து, அடியில் துரு ஓடிக்கொண்டிருந்தால், காப்பாற்ற அசல் மேற்பரப்பு என்று ஒன்று மிச்சமில்லை. அங்கே புதுப்பித்தல் நியாயமே. அண்மைக் காலத்து கான்பூர் .32 ரிவால்வரைத் தற்காப்புக்காக வைத்திருப்பவர், வியர்வையால் தேய்ந்த கருமையைத் திரும்ப ஏற்றுவதிலும் பெரிய இழப்பில்லை. இரண்டிலும் உரிமம் பெற்ற கைவினைஞரிடமே கொடுக்கவேண்டும். எண்களையும் முத்திரைகளையும் சக்கரம் தொடாது என்று எழுதி வாங்கவேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவைக்கவேண்டும். சுத்தியலும் விசையும் முதலில் கறுப்பாக இல்லாமல் இருந்திருந்தால் அப்படியே விடச் சொல்லவேண்டும்.

மற்றபடி அசல் மெருகில் கால்வாசியே மிஞ்சியிருந்தாலும் அதை விட்டுவைப்பதே மேல். சேகரிப்பாளர்கள் அந்தக் கால்வாசிக்குத்தான் விலை தருகிறார்கள். பிற்காலப் பளபளப்பு விலையைக் குறைக்கவே செய்யும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் உருவான வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில், வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் பழைய வெண்கலங்களின் அரிப்பை நீக்கினார். பொருளின் அசல் பரப்பைக் காப்பாற்றுவதே அத்தகைய பணியின் நோக்கம், பொருளைப் புதிதாகக் காட்டுவது அல்ல. வெண்கலச் சிலைக்குத் தரும் மரியாதையைப் பழைய எஃகுக்கும் தரலாம்.

துருவை நிறுத்துதல்

பழுப்பு நிறத்தில் உறுதியாக, தொட்டால் கையில் ஒட்டாமல் இருப்பது நிலைபெற்ற படலம். அதை நீக்கவேண்டியதில்லை. ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வதுதான் உயிருள்ள துரு. தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, மெல்லிய எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய கம்பிப் பஞ்சால் அழுத்தாமல் துடைத்தால் அந்தப் பொடி எண்ணெயோடு வந்துவிடும். மணல்தாள், எலுமிச்சை, புளி, கடையில் விற்கும் துருநீக்கி அமிலம் ஆகியவை துருவோடு அசல் கருமையையும் எடுத்துவிடும். ஏனென்றால் வேதியியலில் கருமையும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். நிக்கல் பூசியதில் அம்மோனியா கலந்த குழல்துப்புரவுத் திரவத்தைத் தவிர்க்கவேண்டும். அடியில் செம்புப் படலம் இருந்தால், விரிசல் வழியே புகுந்து அதைக் கரைத்து நிக்கலை உரியவைக்கும்.

சென்னையின் உப்புக்காற்றோடு ஒப்பிட்டால் பெங்களூரின் வானிலை எஃகுக்கு இதமானது. ஆனாலும் மழைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கும். தோல் உறையில் வைத்துப் பூட்டுவது பழைய வீடுகளில் நடந்த பெரிய தவறு. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகோடு ஒட்டவைக்கும். குழலின் ஒரு பக்கம் மட்டும் துருவேறியிருக்கும் துப்பாக்கிகள் பல இப்படிக் கெட்டவைதான். உறையைத் தனியாக வைத்து, ஆயுதத்தின் மேல் நுண்படிக மெழுகு பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைப்பது நல்லது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க நேரலாம். வாரக்கணக்கில் அது பிறர் பொறுப்பில் கிடக்கும் என்பதால், கொடுப்பதற்கு முன் உள்ளும் புறமும் கெட்டியான எண்ணெய் தடவி, ரசீதில் எழுதிய எண்ணை ஆயுதத்தில் உள்ளதோடு அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும்.