இரட்டை உடல் படகு பிறந்த கதை

கொடைக்கானல் ஏரியில் மிதிபடகு ஓட்டியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்தப் படகின் அடியைப் பார்த்தவர்கள் அபூர்வம். பழுதுபார்க்கக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும்போது கவனித்தால் சங்கதி புரியும். இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு புடைப்புகள், நடுவே ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் மிதிக்கு மிதி சுழலும் துடுப்புச் சக்கரம். நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் பக்கமாகச் சாய்ந்து செல்ஃபி எடுத்தாலும் கவிழாமல் இருப்பதற்குக் காரணம் அந்த இரண்டு புடைப்புகள்தான். தமிழ்நாட்டில் இதைவிட மெதுவாகப் போகும் வாகனம் வேறு உண்டா என்பது சந்தேகம். ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் பந்தயப் படகையும் கவிழ்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இதே உருவம்தான் தெரியும். இரண்டு உடல், நடுவே இடைவெளி. உலகம் அதைக் கேட்டமரான் என்கிறது.

கொடைக்கானலுக்கு ஏரியே பின்னால் வந்தது. அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் 1845-இல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியபோது அந்த இடத்தில் ஓடைகள் பாயும் சதுப்பு நிலம்தான் இருந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி ஏரியாக்கினார். மீன் விட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். இந்தக் கடைசிச் செய்தியைக் கொடைக்கானல் பற்றிய குறிப்புகள் ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது ஒற்றை வரியில் தாண்டக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. கொடைக்கானலுக்கு ஏறும் லாஸ் காட் சாலையில் மோட்டார் வண்டி ஏறியது முதல் உலகப்போர்க் காலத்தில்தான். அதுவரை அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் டோலியும் மட்டக் குதிரையும் கூலியாட்களின் தோளும்தான். கடற்கரை ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு படகு அந்த ஒற்றையடிப் பாதையில் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. தூக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. லெவிஞ்சுக்கு நினைவுச் சிலுவை இருக்கிறது.

மலைக்குப் படகு ஏறியது ஒரு முறை. மலைச்சரிவு மரம் கடலுக்கு இறங்குவதோ காலங்காலமாக நடந்தது. கட்டுமரத்துக்கு வேண்டியது வைரம் பாய்ந்த மரம் அல்ல. தண்ணீரில் எளிதாக மிதக்கும் இலேசான மரம்தான். மேற்கு மலைகளின் சரிவில் வளரும் மலைவேம்பு அதில் ஒன்று. மூன்று, ஐந்து என்று மரங்களைச் சேர்த்துச் செதுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டுமரம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்தால் மூழ்கும். மறுநாள் விடியலுக்கு முன் திரும்பக் கட்ட வேண்டும்.

இதில் உள்ள நுட்பத்தைத் துறைமுகம் இல்லாத பழைய சென்னையை நினைத்தால் விளங்கிக்கொள்ளலாம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே வரிசையாக வந்து உடையும் அலைகள். ஐரோப்பியரின் படகில் தண்ணீர் ஏறினால் இறைக்க வேண்டும், இறைக்க முடியாவிட்டால் கதை முடிந்தது. கட்டுமரத்தில் ஏறும் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே தானே இறங்கிவிடும். நிரம்புவதற்கு அதில் பள்ளமே கிடையாது. அலை ஆளைத் தள்ளிவிட்டாலும் நீந்திப்போய் ஏறிக்கொள்ளலாம். அவசரக் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். சோழமண்டலக் கரையைப் பார்த்த வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். கட்டுமரம் என்ற பெயர் கேட்டமரானாகி இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

போன இடத்தில் அதற்கு விசித்திரமான வாழ்க்கை. 1804-இல் நெப்போலியனின் படைப்படகுகளைத் தகர்க்க வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளை ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றுக்கும் கேட்டமரான் என்றே பெயர். தாக்குதல் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பிறகு 1876 ஜூனில் நியூயார்க்கில் ஒரு பாய்மரப் போட்டி. நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற இளைஞர் இரண்டு ஒடிசலான உடல்களை இணைத்துக் கட்டிய அமரில்லிஸ் என்ற படகோடு வந்து எல்லோரையும் தாண்டிப் போனார். தோற்றவர்கள் புகார் செய்ய, அது படகு வகையிலேயே சேராது என்று ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஹெரஷாஃப் காப்புரிமை வாங்கினார். தன் படைப்பை அவர் அழைத்தது கேட்டமரான் என்றுதான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் மார்தட்டுவது வழக்கம். உலகின் அதிவேகப் படகுகளெல்லாம் நம் கட்டுமரத்தின் பேரப்பிள்ளைகள் என்று மேடையில் கேட்டிருக்கிறேன். பெயர் நம்முடையது, மறுப்பில்லை. ஆனால் கட்டுமரத்தில் மரங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். அங்கே இடைவெளி இல்லை. இரண்டு தனி உடல்களை விலக்கி வைத்து மேலே தளம் கட்டிப் பெருங்கடலைக் கடந்தவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். ஹவாயிலும் ஃபிஜியிலும் அந்தப் படகுகளுக்கு அவரவர் மொழியில் நல்ல பெயர்கள் இருந்தும், வங்காள விரிகுடாவின் பெயர் போய் ஒட்டிக்கொண்டது. கட்டுமரத்தின் பெருமைக்கு அதன் சொந்தத் திறமையே போதும், அடுத்தவர் திறமை எதற்கு?

எஞ்சின் வந்ததும் கதையின் போக்கு மாறியது. பாய்மரத்துக்கு இரண்டு உடல் தந்தது நிலைத்தன்மை. எஞ்சினுக்கு அது தந்தது காற்று. கனடாவில் பிறந்த ஆல்பர்ட் ஹிக்மன் 1914-இல் காப்புரிமை பெற்ற ‘சீ ஸ்லெட்’ படகின் அடிப்பாகம் தலைகீழ் ‘வி’ போல இருக்கும். முன்னால் புகும் காற்றும் நுரையும் நடுவில் சிக்கி மெத்தைபோல் படகைத் தாங்கும். அந்தக் கருத்து முழு வடிவம் எடுத்தது இன்னொரு மலைநாட்டு ஏரியில். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஆஞ்செலோ மொலினாரி 1960-களில் பந்தயத்துக்கென்றே சுரங்கப் படகுகள் கட்டினார். இரண்டு மெல்லிய மிதவைகள், நடுவே முன்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகும் சுரங்கம். வேகம் கூடக்கூட உள்ளே புகும் காற்று நெருக்கப்பட்டுப் படகை மேலே தூக்கும். நீரைத் தொடும் பரப்பு குறையும், இழுவை குறையும், வேகம் இன்னும் கூடும். கடைசியில் மிதவைகளின் பின்முனையும் புரொப்பல்லரும் மட்டுமே தண்ணீரில் இருக்கும். 1981-இல் ஃபார்முலா 1 மோட்டார் படகுப் போட்டி தொடங்கியபோது முதல் உலகச் சாம்பியன் ஆனவர் ஆஞ்செலோவின் மகன் ரெனாட்டோ. அந்தப் போட்டி 2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் நடந்தது. நம் ஊருக்கு அது வந்த மிக அருகாமை அதுதான்.

தூக்கும் காற்றே கவிழ்க்கவும் செய்யும். முன்முனையான அணியம் அளவுக்கு மேல் நிமிர்ந்தால் அடிவயிற்றில் காற்று அறைந்து படகு பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும். 1967 ஜனவரி 4-ஆம் தேதி இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பெல் அப்படித்தான் இறந்தார். அவருடைய புளூபேர்ட் இரட்டை உடல் படகு அல்ல, முன்புறம் இருபக்க மிதவை வைத்த ஜெட் படகு. ஆனால் கவிழ்ந்த விதம் இதுவே. காலை நேரம், கண்ணாடி போன்ற ஏரி. முதல் ஓட்டத்தில் தன் படகே எழுப்பிய அலை அடங்கும் முன் திரும்பியதும் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அத்தனை வேகத்துக்குச் சாண் உயர அலையே அதிகம்.

அதனால்தான் வேகப்படகு வாங்கப் பணம் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஏரிக்கு எது, கடலுக்கு எது? கேள்வியே கொஞ்சம் கோணல் என்பது என் எண்ணம். அலைக்குத் தண்ணீர் உப்பா நன்னீரா என்று தெரியாது. காற்று எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீரின்மேல் ஓடுகிறது என்பதுதான் அலையின் உயரத்தையும் நீளத்தையும் முடிவு செய்கிறது. கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் காற்று கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் ஒரு கரையில் முட்டிக்கொள்ளும். பெருங்காற்று நாளிலும் சிற்றலைதான். பந்தயப் படகுக்கு இதைவிடச் சிறந்த தண்ணீர் இல்லை. ஆனால் 200 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 55 மீட்டர். முடுக்கிய கையை எடுப்பதற்குள் எதிர்க்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மேல் ஏறிவிடும்.

மறுபக்கம் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி. பெயர் ஏரி, நீளம் கிட்டத்தட்ட 490 கிலோமீட்டர். கப்பல்களை விழுங்கிய ஏரி அது. அதன் கரையில் உள்ள டக்ளஸ் என்ற சிற்றூரில்தான் பீட்டர் ஹ்லெடின் தன் ‘ஸ்கேட்டர்’ கேட்டமரான்களைக் கட்டினார், அவை கடல் பந்தயங்களில் பேர் வாங்கின. இதற்கு நேர்மாறாக, கேட்டமரான் கட்டும் எம்.டி.ஐ. நிறுவனம் கடலே கண்ணில் படாத மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள ஓசார்க்ஸ் ஏரியில் நேர்கோட்டு வேகப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. அது அணை கட்டிய நீர்த்தேக்கம், பாம்புபோல் வளைந்து கிடப்பது. காற்று எழுப்பும் அலையைவிட நூற்றுக்கணக்கான படகுகள் எழுப்பும் குறுக்கும் நெடுக்குமான அலைதான் அங்கே தொல்லை.

இப்படிப்பட்ட குறுகிய, நெருக்கமான அலைகளில் கேட்டமரான் சுகமாகப் போகும். ஓர் அலையின் முதுகிலிருந்து அடுத்த அலையின் முதுகுக்குக் காற்று மெத்தையில் தாவிவிடும். திரும்பும்போதும் சாயாமல் தட்டையாகத் திரும்பும். அலை பெரிதாகி நீண்டுவிட்டால்தான் சிக்கல். சுரங்கத்தின் கூரை தாழ்வாக இருந்தால் அலையின் தலை அதில் போய் அறையும். அந்த அடி ஓட்டுகிறவரின் முதுகெலும்பில் தெரியும். எனவே கடலுக்கான கேட்டமரானுக்குக் கூரையை உயர்த்த வேண்டும், உடலை நீட்ட வேண்டும். உயர்த்தினால் தட்டையான நீரில் காற்று மெத்தையின் பலன் கொஞ்சம் போகும். இரண்டையும் ஒரே படகில் கேட்பவருக்கு விற்பனையாளர் புன்னகையோடு தலையாட்டுவார், நம்ப வேண்டாம்.

நடுக்கடல் முரட்டுத்தனமாக இருக்கும் நாளில் ஒற்றை உடல் ‘வி’ வடிவப் படகுக்கு இன்றும் மரியாதை உண்டு. ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்ந்த ‘வி’ அடி கொண்ட ‘மாப்பி’ 1960-இல் மயாமி–நாசாவ் பந்தயத்தைக் கொந்தளிப்பான கடலில் எட்டு மணி நேரத்தில் முடித்தது. அது அலையின்மேல் தாவவில்லை, பிளந்துகொண்டு போனது. எரிபொருள் அதிகம் குடிக்கும், உச்ச வேகத்தில் கேட்டமரானிடம் தோற்கும், ஆனால் பின்னாலிருந்து துரத்தும் பேரலையில் மூக்கைக் குத்திக்கொள்ளும் பயம் அதில் குறைவு. ராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகப் போக என்னை ஒரு படகு தேர்ந்தெடுக்கச் சொன்னால் தை, மாசியில் கேட்டமரானும் ஆடியில் ‘வி’ படகும் கேட்பேன். இரண்டுக்கும் காசு கிடையாது என்பது வேறு விஷயம்.

இரட்டை உடல் இந்தியாவில் உண்மையாக வேலைக்குப் போனது வேகத்துக்காக அல்ல. 2017 ஜனவரியில் வேம்பநாட்டு ஏரியில், பெரியாரை நமக்கு நினைவூட்டும் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு ‘ஆதித்யா’ ஓடத் தொடங்கியது. 75 பேர் போகும் சூரிய மின்சாரப் படகு. நவால்ட் நிறுவனம் கட்டியது. மெல்லிய இரண்டு உடல்கள் தண்ணீரை அதிகம் தள்ளாததால் சிறிய மோட்டார் போதும். இரண்டையும் விலக்கி வைத்ததால் கூரை அகலமாகி 20 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு இடம் கிடைத்தது. டீசல் புகையும் இல்லை, கரையை அரிக்கும் அலையும் குறைவு. 2023-இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்சாரப் படகுகளும் இரட்டை உடல்தான்.

கொடைக்கானல் ஏரியில் இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குத் துடுப்பும் மிதியும்தான், ஊட்டியைப் போல மோட்டார் படகு சவாரி இல்லை. யாராவது ஒருநாள் எஞ்சின் வேண்டும் என்று மனு கொடுத்தால் அதிகாரிகள் வைக்கத்துக்கு ஒரு முறை போய்வரட்டும். ‘ஆதித்யா’வின் உச்ச வேகம் ஏழரை நாட், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டருக்குள். 60 ஏக்கருக்கு அதுவே கூடுதல்.