ஒப்புதல் என்னும் கட்டாயம்: உயிர்ப்போட்டித் தொடர்களில் முதலாளித்துவ விமர்சனத்தின் வளர்ச்சி

உயிரைப் பணயம் வைத்து ஆடும் போட்டிகளைக் கதைக்களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களை முதலாளித்துவத்தின் மீதான விமர்சனம் என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. ஏழைகள் சாகிறார்கள், பணக்காரர்கள் முகமூடி அணிந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தச் சான்று போதாது. செல்வர்களின் கொடூரத்தைச் சொல்லும் கதைகள் முதலாளித்துவத்துக்கு முன்பும் இருந்தன. இந்த வகைத் தொடர்களுக்கே உரிய சாதனை வேறு இடத்தில் இருக்கிறது. கழுத்தில் யாரும் கத்தி வைக்காதபோதும் ஒருவர் தன் சாவுக்குத் தானே சம்மதிக்கும் நிலை எப்படி உருவாகிறது என்பதை அவை படிப்படியாகக் கண்டடைந்திருக்கின்றன. போட்டியாளரை உள்ளே இழுத்துவருவது எது என்ற ஒரே கேள்வியைப் பின்தொடர்ந்தால் இந்த வளர்ச்சி தெளிவாகப் புலப்படும்.

மேற்கு ஜெர்மனியில் 1970 அக்டோபரில் ஒளிபரப்பான 'தாஸ் மில்லியோனென்ஷ்பீல்' என்ற தொலைக்காட்சிப் படம் நல்ல தொடக்கப் புள்ளி. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஷெக்லியின் 1958ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்றே அதன் மூலம். கூலிக் கொலைகாரர்களிடமிருந்து ஏழு நாள் தப்பிப் பிழைப்பவருக்குப் பத்து லட்சம் மார்க் பரிசு, இடையிடையே விளம்பரங்கள். உண்மை நிகழ்ச்சி என்று நம்பிய பார்வையாளர் சிலர், தாங்களும் கலந்துகொள்ள விரும்புவதாகத் தெரிவித்தார்கள். ஆனால் படத்தின் கோபமெல்லாம் ஊடகத்தின் மீதுதான். ஒருவர் ஏன் விண்ணப்பிக்கிறார் என்பதை அது ஆழ்ந்து விசாரிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து வந்த ஜப்பானியத் திரைப்படம் 'பேட்டில் ராயல்' (2000) பள்ளி மாணவர்களை அரசே சட்டம் போட்டு ஒரு தீவில் ஒருவரையொருவர் கொல்லவைப்பதாகக் காட்டியது. அங்கே சம்மதத்துக்கு இடமே இல்லை. திருப்பம், 1996இல் தொடங்கிய நொபுயுகி ஃபுகுமோட்டோவின் 'கைஜி' என்ற சித்திரக் கதையில் ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது. உடன் வேலை பார்த்தவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட இளைஞன், வட்டி ஏறி மலையாகிவிட்ட அந்தக் கடனை அடைக்கச் சூதாட்டக் கப்பலில் ஏறுகிறான். ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்த பத்தாண்டில் பிறந்த இக்கதை 2007இல் தொலைக்காட்சிக்கும் வந்தது. துப்பாக்கி இருந்த இடத்தில் இப்போது கடன் பத்திரம் இருந்தது.

இந்தப் பத்திரத்தை முழுதாக விரித்துப் படித்த தொடர் தென்கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' (2021). இயக்குநர் ஹ்வாங் டாங்-ஹியுக், தாமும் பணமுடையில் இருந்த 2008 வாக்கில், 'கைஜி' போன்ற சித்திரக் கதைகளைப் படித்து இதை எழுதத் தொடங்கினார். நாயகன் கி-ஹுன் முதல் அத்தியாயத்திலேயே கடன்காரர்களிடம் அடிபட்டு, மூக்கிலிருந்து வழியும் ரத்தத்தில் கட்டைவிரலைத் தோய்த்து, உடலுறுப்புகளை எழுதிக்கொடுக்கும் தாளில் ரேகை வைக்கிறான். அடுத்து ரயில் நிலையத்தில் ஒருவன் விளையாட அழைக்கிறான். தோற்றால் ஒரு லட்சம் வொன், பணமில்லையென்றால் கன்னத்தில் ஓர் அறை. போட்டி தொடங்கும் முன்பே உடல் நாணயமாகிவிட்டது. தொடரின் கருத்துக்கு அச்சாணி இரண்டாம் அத்தியாயம். முதல் ஆட்டத்தில் 456 பேரில் 255 பேர் செத்துவிழ, எஞ்சியவர்கள் வாக்களித்து, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வெளியேறுகிறார்கள். வெளியே ஒருவருக்கு அம்மாவின் மருத்துவச் செலவும் இன்னொருவருக்கு முதலாளி தராத சம்பளபாக்கியும் காத்திருக்கின்றன. பெரும்பாலோர் தாமே திரும்பிவருகிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது. அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை இந்த வகைக் கதைகள் எதிலும் நான் காணவில்லை.

கடனாளிகள் தம் பொறுப்பின்மையால் கெட்டவர்கள், இதில் அமைப்பின் பங்கு என்ன என்று கேட்கலாம். கி-ஹுன் குதிரைப் பந்தயத்தில் காசைத் தொலைப்பவன்தான். தொடர் அதை மறைக்கவில்லை. அதற்கு முந்தைய வரலாற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அவன் வாகனத் தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு ஆளாகி, வேலைநிறுத்தத்தில் சக தொழிலாளி கண்முன் சாவதைப் பார்த்தவன். 2009இல் பியோங்டேக் நகரின் சங்யாங் மோட்டார் ஆலையில் 2,646 பேரை நீக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் 77 நாள் ஆலைக்குள் தங்கிப் போராடியதே இதற்கு முன்மாதிரி என இயக்குநரே கூறியிருக்கிறார். அந்த ஆட்குறைப்புக்குச் சட்ட வழி திறந்தது 1998இல், ஆசிய நிதி நெருக்கடியில் தென்கொரியா பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் வாங்கிய மறு ஆண்டு. ஆக, தனிமனிதக் குறை உண்மை. ஆனால் அதே குறையுள்ள வசதிக்காரர் போட்டி நடக்கும் தீவுக்கு வர வேண்டியதில்லை. வெளியே பாகுபாட்டால் வதைபட்டவர்களுக்கு இங்கே சமவாய்ப்பு தருவதாகப் போட்டி நடத்துபவன் பெருமைப்படும் காட்சியும் இதையே வெளிச்சமாக்குகிறது. பிரேசில் தொடர் '3%' (2016) தகுதித் தேர்வு என்ற பெயரில் காட்டியது இந்தச் சமத்துவத்தைத்தான்: விதிகள் எல்லோருக்கும் ஒன்று, தேர்வு எழுத வேண்டிய கட்டாயம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும்.

இதைவிட வலுவான மறுப்பு, விமர்சனமே சரக்காகிவிட்டது என்பது. நெட்ஃபிளிக்ஸ் இத்தொடரால் பெரும் லாபம் கண்டது. 2023இல் 456 நிஜ மனிதர்களை வைத்து 45.6 லட்சம் டாலர் பரிசுக்கு உண்மைப் போட்டியே நடத்தியது. விமர்சித்ததையே விற்றது வெட்கக்கேடு என்றே கருதுகிறேன். ஆனால் ஒரு படைப்பு யார் கையில் என்னவாகிறது என்பதை உரிமையாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2021 அக்டோபரில் கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் வேலைநிறுத்தத்தில் போராட்டக்காரர்கள் இத்தொடரின் உடைகளை அணிந்தே சியோல் தெருக்களில் திரண்டார்கள். தொடரின் உண்மையான குறை வேறு. 2024, 2025இல் வந்த அடுத்த பருவங்களில் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் வாக்கெடுப்பு நடக்கிறது, கலகமும் வெடிக்கிறது, தோற்கிறது; கூட்டுப் போராட்டம் வெல்லும் வழி எதையும் கதையால் கற்பனை செய்ய முடியவில்லை. அது எடுத்துக்கொண்ட வரலாற்றிலோ அப்படி ஒரு வழி இருந்தது. சங்யாங் தொழிலாளர்கள் 470 கோடி வொன் நட்ட ஈடு தர வேண்டும் என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 47,000 வொன் தந்தால் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒரு வாசகர் வாரப் பத்திரிகைக்குப் பணம் அனுப்பினார். அதிலிருந்து 'மஞ்சள் உறை' இயக்கம் பிறந்தது. போராடும் தொழிலாளர்மீது நட்ட ஈடு சுமத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதே பெயரில் அழைக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் கொரிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.