பௌதிகம் பயின்றோர் புகுந்த உத்தியோகங்கள்

நம் சங்கத்தின் கல்வி நிதிக்குச் சென்ற மாதம் வந்த விண்ணப்பங்களுள் ஒன்று காரியக் கமிட்டியாரைச் சற்று மலைக்கச் செய்தது. நம்மவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி, மேல்நிலைப் பரீட்சையில் நன்கு தேறியவள், பி.எஸ்ஸி. வகுப்பில் பௌதிக சாஸ்திரம் பயில உபகாரச் சம்பளம் வேண்டியிருந்தாள். நிதியின் விதிகளிலோ வைத்தியமும் இஞ்சினீயரிங்கும் மட்டுமே கண்டிருக்கின்றன. அவளை அழைத்து வந்திருந்த தகப்பனார், தமக்கே இதில் முழுச் சம்மதமில்லை யென்பதை மறைக்காமல், "ஐயா, இதைப் படித்துவிட்டுப் பிள்ளை என்ன உத்தியோகம் பார்க்கும்? பெரியவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டார். கூடியிருந்த பெரியவர்களுள் ஒருவர் மட்டும், "வாத்தியார் வேலைதான்" என்றார். மற்றவர் வாய் திறக்கவில்லை. முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. அத்தகப்பனார் கேட்ட கேள்விக்குச் சரித்திரத்தில் விடை யுண்டா என்று அதன்பின் சில புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். கண்டவற்றை அங்கத்தினர் முன் வைக்கின்றோம்.

இக்கேள்வி நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட பழமை யுடையது. திருச்சிராப்பள்ளியில் 1888-ம் வருஷம் பிறந்த சி. வி. ராமன், சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் 1904-ல் பி.ஏ. பட்டமும், பௌதிகத்திற் பொற்பதக்கமும் பெற்றார். 1906-ல், மாணாக்கராயிருக்கையிலேயே, அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. அத்தகையவர்க்கும் 1907-ல் எம்.ஏ. தேறியபின் பௌதிகத்தைக் கொண்டு பிழைக்க வழி தென்படவில்லை. சீமைக்குப் போய்ப் படிக்கலாமென்றால், அந்நாட்டுக் குளிரை அவர் தேகம் தாங்காதென்று சென்னை ஸிவில் ஸர்ஜன் சொல்லிவிட்டார். எனவே அவர், தமையனார் சுப்பிரமணிய ஐயர் சென்ற வழியையே பின்பற்றி, சர்க்கார் நிதி இலாகாப் பரீட்சைக்குச் சரித்திரம், பொருளாதாரம் முதலிய பாடங்களைப் படித்து, அதில் முதல்வராகத் தேறினார். கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக அமர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. இக்காலத்துத் தகப்பன்மார் எவரும் இதைக் கேட்டால், "கடைத்தேறினான் பிள்ளை" என்று தேங்காய் உடைத்திருப்பர்.

அவரோ கடைத்தேறியதாக நினைக்கவில்லை. பவுபஜார் தெருவில் டிராம் வண்டியிற் செல்கையில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய விஞ்ஞான சங்கத்தின் பலகை கண்ணிற்பட்டது. இறங்கி உள்ளே போனார். ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்த அப்பரிசோதனைச்சாலை அன்றுமுதல் அவருடையதாயிற்று. காலையிற் கச்சேரிக்கு முன்னும், மாலையிற் கச்சேரிக்குப் பின்னும் அங்கே வேலை, நடுவே கணக்கு. 1909-ல் ரங்கூனுக்கும், 1910-ல் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். 1911-ல் கல்கத்தா மீண்டார். இவ்வாறு பத்து வருஷம் கழிந்தபின், 1917-ல், கல்கத்தா சர்வகலாசாலையின் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சம்பளம் சர்க்கார் சம்பளத்தினும் வெகு குறைவு. ஏற்றுக்கொண்டார். 1928 பிப்ரவரி 28-ல் அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் கண்டறியப்பட்டதும், 1930-ல் நோபல் பரிசு வந்ததும் யாவரும் அறிந்தவை. அதற்கு முந்திய கணக்கெழுதிய பத்து வருஷங்களை நாம் இங்கே விரித்தெழுதியதற்குக் காரணம், அவற்றைப் பற்றி நம் வீடுகளில் எவரும் பேசுவதில்லை யென்பதே.

மேற்சொன்ன சுப்பிரமணிய ஐயரின் குமாரர் எஸ். சந்திரசேகர். கணிதத்தையே பயில வேண்டுமென்பது அவருடைய ஆசை, ஐ.ஸி.எஸ். அதிகாரியாக வேண்டுமென்பது தகப்பனாரின் ஆசை. இரண்டிற்கும் நடுவே, பௌதிகத்தில் ஆனர்ஸ் படிப்பதென்று சமாதானமாயிற்று. அதாவது, அக்காலத்தில் ஒரு தகப்பனார்க்குப் பௌதிகம் 'உத்தியோகத்துக்கு அடுத்த' படிப்பாகவும், கணிதம் வயிற்றுக்கு உதவாத படிப்பாகவும் தோன்றியது! தாயார் சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய அவர், நக்ஷத்திரங்களின் முடிவைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்றைய விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ரஸாயனப் பகுதியில் டெமான்ஸ்டிரேட்டராய் இருந்து, கல்கத்தாவிற்குச் சென்று, டாக்காவிலும் அலகாபாத்திலும் போதித்து, 1947-ல் டில்லியில் தேசிய பௌதிகப் பரிசோதனைச்சாலையின் முதல் டைரெக்டராயினார். வியாபாரத்திலிருக்கும் நம்மவர் இந்நிலையத்தைக் கவனிக்க வேண்டும். நம் கடையிலுள்ள எடைக்கற்களுக்குக் கடைசி ஆதாரமான மூல அளவும், நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரமும் அங்கேதான் காக்கப்படுகின்றன. காப்பவருட் பலர் பௌதிகம் படித்தவரே.

இவ்விடத்தில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ராமனுடைய தகப்பனார் கலாசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வீட்டிலேயே புத்தகம் இருந்தது. வழி சொல்ல ஆள் இருந்தது. நம் குடும்பங்களிற் பலவற்றில் இத்தலைமுறைதான் முதன்முதற் கலாசாலை வாயிலை மிதிக்கிறது. நகையை வைத்துக் கட்டணம் கட்டும் தகப்பனைப் பார்த்து, "ராமனைப் போல் பத்து வருஷம் காத்திரு" என்பது இரக்கமற்ற பேச்சு.

ஆதலின் ராமேசுவரத்து ஏ. பி. ஜே. அப்துல் கலாமின் வரலாறு நமக்கு இன்னும் பொருந்தும். திருச்சி ஸெயின்ட் ஜோஸப் கலாசாலையில் 1954-ல் பௌதிகத்தில் பட்டம் பெற்றபின், தாம் முன்பே இஞ்சினீயரிங்கிற் சேர்ந்திருக்க வேண்டுமென்று உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம் வாதத்திற்கு இது மாறாயினும் மறைப்பதற்கில்லை. ஆனால் பௌதிகப் பட்டம் அவ்வழியை அடைக்கவில்லை. ஸி. ராஜம் என்னும் கனவான் 1949-ல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கலாசாலை, பி.எஸ்ஸி. பட்டதாரிகளையே எடுத்து மூன்று வருஷம் பயிற்றியது. அங்கே சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தமக்கை ஜோகரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஆகாய விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக நின்று தவறி, 1958-ல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ராணுவ விஞ்ஞான இலாகாவில் அமர்ந்தார். 1980-ல் ரோகிணி உபக்கிரகத்தை ஏற்றிய ராக்கெட்டின் திட்டத் தலைவரும், 2002 முதல் 2007 வரை ராஷ்டிரபதியும் இவரே. அதே திருச்சிக் கலாசாலையில் பௌதிகம் படித்து, அதே குரோம்பேட்டைக்குச் சென்ற மற்றொருவர் எஸ். ரங்கராஜன். ஆகாய விமானப் போக்குவரத்து இலாகாவிலும், பின் பெங்களூர் பாரத் எலெக்டிரானிக்ஸிலும் வேலை பார்த்து, வோட்டு இயந்திரம் உருவானதிற் பங்கு கொண்டவர். 'சுஜாதா' என்றால் நம் வீட்டுப் பெண்டிரும் அறிவர்.

விண்ணப்பம் செய்தவள் பெண்ணாதலின், அன்னா மணியைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம். 1918-ல் பீர்மேட்டிற் பிறந்த இவ்வம்மையார், எட்டாம் பிறந்தநாளில் வீட்டார் தர இருந்த வைரத் தோட்டை வேண்டாமென்று சொல்லிக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையில் 1939-ல் பட்டம் பெற்று, பெங்களூரில் ராமனிடம் சேர்ந்து, வைரங்களும் மாணிக்கங்களும் ஒளிவிடும் தன்மையை ஆராய்ந்தார். தோடாய் வேண்டாமென்ற வைரம் ஆராய்ச்சிப் பொருளாய்க் கைக்கு வந்தது. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனித்தே ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். ஆயினும் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை யென்று அவர் ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது.

சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் பௌதிகம் பயிலச் சீமை செல்ல விரும்பினார். அப்போது கிடைத்தது வானிலைக் கருவிகளைப் பற்றிய படிப்பு ஒன்றே. அதையே ஏற்று லண்டனுக்குச் சென்றார். 1948-ல் திரும்பி, பூனாவில் வானிலை இலாகாவிற் சேர்ந்தார். சுதந்திரத்திற்கு முன் மழைமானி, காற்றளவி முதலிய எளிய கருவிகள்கூடப் பெரும்பாலும் சீமையிலிருந்தே வந்தன. அம்மையார் சுமார் நூறு கருவிகளுக்கு அளவு பிசகாத வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கினார். தவறான அளவு, அளவே இல்லாமையினும் கேடு என்பது அவர் கொள்கை. 1957-58-ம் வருஷத்துச் சர்வதேச பூபௌதிக வருஷத்தையொட்டிச் சூரிய வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். 1976-ல் துணை டைரெக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்று, 1980-ல் இந்தியாவின் சூரிய வெப்ப அளவுகளைத் தொகுத்து நூலாக்கினார். இன்று நம் உறவினர் சிலர் மாடியிற் போட்டிருக்கும் சூரிய மின்தகடும், ஆரல்வாய்மொழிக் கணவாயிற் சுழலும் காற்றாலையும் இத்தகைய அளவுகளின்றி நிறுவத்தக்கவை யல்ல. டாக்டர் பட்டம் இல்லாமலே 2001-ல் அவர் காலமானார்.

பௌதிகத்திலிருந்து உயிர்நூலுக்குத் தாண்டியவரும் உண்டு. திருச்சியிற் பௌதிகம் படித்த ஜி. என். ராமச்சந்திரன், 1952-ல் சென்னைச் சர்வகலாசாலைக்கு வந்து, அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பெற்ற தசைநாரைக் கொண்டே, கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கோபிநாத் கர்த்தாவுடன் 1954-ல் வெளியிட்டார். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின், உயிர்நூலை முதலிலிருந்து கற்க மறுபடியும் மாணாக்கராக அமர்ந்தார். 2009-ல் ரஸாயனத்திற்கு நோபல் பரிசு பெற்றார்.

இவையெல்லாம் பெரியோர் கதை. நம் பெண்ணுக்கு என்ன என்று கேட்பீர்கள். வானிலை இலாகா பி.எஸ்ஸி. பௌதிகப் பட்டதாரிகளைப் போட்டிப் பரீட்சையின் மூலம் எடுக்கின்றது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகளில், நோயாளிக்கு எவ்வளவு கதிர் எவ்விடத்திற் படவேண்டுமென்று கணக்கிடத் தேர்ந்த பௌதிகர் இருக்க வேண்டுமென்பது சட்டம், எம்.எஸ்ஸி.க்குப் பின் தனிப் பயிற்சி பெறவேண்டும். இவ்வேலையை நம்மவரிற் பலர் கேள்விப்பட்டதே யில்லை. டிராம்பேயில் 1957-ல் தொடங்கிய அணுசக்திப் பயிற்சிப் பள்ளி எம்.எஸ்ஸி. படித்தோரையும் சேர்க்கிறது, கல்பாக்கத்திற்கும் அவ்வழியே செல்வர். பாங்கு, கம்பியூட்டர் கம்பெனி முதலியவை எப்பட்டதாரிக்கும் உள்ளவை. பள்ளியாசிரியர் வேலையைப் பற்றிக் கமிட்டியில் ஒருவர் சொன்னது உண்மையே. அதை அவர் சொன்ன தொனிதான் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் மூன்று வருஷப் பட்டத்தோடு நின்றால் வாயில்கள் குறைவு. ஐந்து வருஷமேனும் படிக்க வேண்டும். உபகாரச் சம்பளம் கொடுப்பதாயின் ஐந்து வருஷத்திற்கும் கொடுக்க வேண்டும். மூன்றாம் வருஷத்திற் கைவிடுவதாயின் தொடங்காதிருப்பதே நன்று.

நிதி விதியில் சாஸ்திரப் படிப்புகளையும் சேர்க்கும் தீர்மானம் வரும் கூட்டத்தில் வைக்கப்படும், நாம் ஆதரிக்கின்றோம். மாறுபட்ட கருத்துடைய அங்கத்தினர் எழுதியனுப்பினால் அடுத்த இதழிற் பிரசுரிப்போம். கலாசாலையிற் கட்டணம் செலுத்தும் தவணை கூட்டத்திற்கு முன்பே முடிவதால், அப்பெண்ணின் முதல் வருஷக் கட்டணத்தைக் கமிட்டியைச் சேர்ந்த இருவர் தம் சொந்தப் பொறுப்பிற் கட்டியிருக்கின்றனர். அவ்விருவருள் ஒருவர் அன்று "வாத்தியார் வேலைதான்" என்றவர்.